ஏரி இடது கைப் பக்கம்

என் கைப்பேசியில், சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலியில், 'வீராணம் சுற்று' என்று ஒரு வழித்தடம் இருந்தது. நான் வைத்த பெயர்தான். சிதம்பரத்தில் கிளம்பி, குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில், அங்கிருந்து லால்பேட்டை, அப்புறம் வீராணம் ஏரிக்கரை மேலேயே பதினாறு கிலோமீட்டர் வடக்கே போனால் சேத்தியாத்தோப்பு, கிழக்கே திரும்பி புவனகிரி, வெள்ளாற்றுப் பாலம், மறுபடி சிதம்பரம். எழுபது கிலோமீட்டருக்கு முன்னே பின்னே வரும். மாமனார் வீடு சிதம்பரத்தில் என்பதால் பழைய ரோடு பைக் ஒன்றை அங்கேயே மாடிப்படிக்குக் கீழே போட்டுவைத்திருக்கிறேன். பொங்கலுக்கோ யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போனால் ஒரு விடியற்காலையை இதற்கென்று ஒதுக்கிவிடுவேன். ஒன்பது முறை ஓட்டியாயிற்று. ஒன்பது முறையும் வீட்டுக்கு வந்து, வேர்வையோடு திண்ணையில் உட்கார்ந்து, "வீராணத்தைச் சுத்திட்டு வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது முறையும் சொன்னது தப்பு. அதை எனக்குச் சொன்னவர் கரையில் சந்தித்த ஒரு பெரியவர். போகிற போக்கில், கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது, அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. செருப்புக்குள் மாட்டிய நெல் மாதிரி, நடக்கும்போதெல்லாம் குத்துகிறது.

மேடில்லாத ஊரில் மூச்சு வாங்குவது

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு இந்த வழித்தடம் ஒரு நக்கல். ஏற்றமே கிடையாது. பாலங்கள், கரைமேல் ஏறும் ஒரு சரிவு, அவ்வளவுதான். "தட்டு மாதிரி இருக்கிற ஊர்ல என்னய்யா பயிற்சி" என்பார்கள். வந்து ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். இங்கே மலைக்குப் பதில் காற்று இருக்கிறது. மலையாவது ஒரு இடத்தில் முடியும், இறக்கம் வரும். வயல்வெளியில் தை மாதத்து வடகிழக்குக் காற்று எதிரே வந்தால், அடுத்த திருப்பம் வரைக்கும் அதுதான் மலை.

சுற்றுப் பாதைதானே, போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளிவிடும், கணக்கு நேராகிவிடும் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். ஆகாது. பதினாறு கிலோமீட்டரை எதிர்காற்றில் மணிக்குப் பதினாறு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம். அதே தூரத்தைப் பின்காற்றில் முப்பத்திரண்டு வேகத்தில் ஓட்டினால் அரை மணி. சராசரி இருபத்து நான்கு வராது, இருபத்தொன்றைச் சொச்சம்தான் வரும். ஏனென்றால் கஷ்டத்தில்தான் அதிக நேரம் இருக்கிறோம். சமதரையில் கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் கால் போடுகிற உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதற்கே போய்விடுகிறது. குனிந்து, முழங்கையை மடக்கி, மூக்கை ஹாண்டில்பாருக்குக் கொடுத்து ஓட்டினால் கொஞ்சம் தப்பிக்கலாம். அப்படி ஓட்டினால் ஏரி தெரியாது. பிறகு எதற்கு இவ்வளவு தூரம் வருவது?

புத்தியுள்ளவன் தை மாதத்தில் இந்தச் சுற்றை எதிர்த்திசையில் போவான். கரையில் தெற்கு நோக்கி வந்தால் காற்று முதுகில் இருக்கும். நான் எல்லா முறையும் குமராட்சிப் பக்கமாகவே போனதற்குக் காரணம் மாமனார். முதல் தடவை கிளம்பும்போது, தெருவில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி வாசலுக்கு வந்து, "எதைச் சுத்தினாலும் வலமாச் சுத்துங்க மாப்ளே" என்றார். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் இல்லை. ஆனால் நடராஜர் ஊரில் நின்றுகொண்டு ஒருத்தர் அப்படிச் சொல்லும்போது இடமாகச் சுற்ற மனசு வராது. அப்படியே பழகிவிட்டது.

கரைக்குப் போகும் வழி

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை சாலை வயலுக்கு நடுவே போகிறது. சூரியன் முதுகில். சம்பா அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கிற நாட்களில் ஒரு பக்கம் மஞ்சள், இன்னொரு பக்கம் வெறும் தாள், நடுநடுவே உளுந்தின் இளம்பச்சை. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கையில், ஈர வயலில் உளுந்தை விதைத்துவிடுகிறார்கள். அறுத்து முடிக்கும்போது தாளுக்கு இடையே அது முளைத்து நிற்கும். மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும்.

வடிகால் வாய்க்கால்களில் நத்தைகுத்தி நாரைகள் நிற்கும். ஒருமுறை செயின் கழன்றபோது பத்தடி தூரத்தில் ஒன்றைப் பார்க்க வாய்த்தது. மூக்கை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி, பாக்குவெட்டி மாதிரி. தண்ணீருக்குள் தலையை விட்டது, கொஞ்ச நேரம் உடம்பு மட்டும் குலுங்கியது, வெளியே எடுத்தபோது நத்தையின் சதை மட்டும் மூக்கில் தொங்கியது. ஓட்டைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டது. குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். கையெல்லாம் கிரீஸோடு நான் பார்த்துக்கொண்டிருந்ததை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

காட்டுமன்னார்கோயிலில் ஒரு டீ. நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர். பெருமாள் பெயரே வீரநாராயணர். பக்கத்திலேயே உடையார்குடி. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலத்தைப் பறித்ததைச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. வரலாற்றுப் பிரியர்கள் இங்கேயே தங்கிவிடுவார்கள். எனக்கு வெயில் ஏறுமுன் கரையில் ஏறியாக வேண்டும்.

லால்பேட்டையைத் தாண்டிக் கரையில் ஏறும் அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்தச் சுற்றே. கீழே இருக்கும்வரை அங்கே ஒரு ஏரி இருப்பதே தெரியாது, நீளமான ஒரு மேடுதான் தெரியும். ஏறினதும் சட்டென்று தண்ணீர். அடுத்த கரை இல்லாத தண்ணீர். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உருவான ஏரி; அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வந்து, 1836இல் கட்டப்பட்ட கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக இதற்குள் வந்து விழுகிறது. காலை ஏழு மணிக்கு அந்தத் தண்ணீர் ஈயம் பூசின மாதிரி இருக்கும். நீர்க்காகங்கள் கட்டைமேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். எதிர்காற்றில் அலை கரையில் மோதும் சத்தம், நம் மூச்சுச் சத்தம், பின்னால் வரும் பேருந்தின் ஹாரன்.

ஹாரனைச் சொல்லியே ஆக வேண்டும். கரைச்சாலை அகலமில்லை. கரும்பு டிராக்டர், வைக்கோல் டிராக்டர், பேருந்து எல்லாவற்றுக்கும் அதே சாலை. ஒதுங்கினால் சரிவு. ஆகவே இடது ஓரத்தை விட்டு நகராமல், ஏரிப் பக்கமாகவே ஒட்டிக்கொண்டு போவேன். என் கண்ணும் இடது பக்கமே இருக்கும். கைப்பேசியில் இருக்கும் கரைப் படங்கள் நூற்றுக்கு மேல் தேறும். அவ்வளவும் இடது பக்கத்துப் படங்கள் என்பதை வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

வைக்கோல்

அன்றைக்குக் காற்று வழக்கத்தைவிட மோசம். எனக்கு முன்னால் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போனது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று படாது என்று ஒரு அற்ப ஆசை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உதிர்ந்த வைக்கோல் ஒரு பிடி, பின்சக்கரத்துப் பல்வட்டில் சிக்கி, கியர் மாற்றும் சின்னச் சக்கரத்தில் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டது. பெடல் நின்றது. நல்லவேளை விழவில்லை.

ஒரு மதகின் கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, வைக்கோலைப் பிய்க்க ஆரம்பித்தேன். ஈரமான சம்பா வைக்கோல் சாதாரணமாக வராது. நகக்கண்ணெல்லாம் கறுத்துவிட்டது. மதகுச் சுவரில் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து வந்து, மடியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து நீட்டினார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவராம். மதகைத் திறப்பது, மூடுவது, அளவு பார்ப்பது, கரையில் எலி வளை நண்டு வளை இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது அவர் வேலை. இப்போது வேலை இல்லை. ஆனாலும் காலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

"எங்கேர்ந்து வர்றீங்க தம்பி?"

"சிதம்பரம் ஐயா."

"எங்க போறீங்க?"

"சிதம்பரம்தான்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்ப ஏன் கிளம்புனீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏரியைச் சுற்ற வந்தேன், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை சுற்றுவேன், மாமனார் சொன்னபடி வலமாகவே சுற்றுவேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பேச்சுக்குத் துணையாக, ஏரி இப்போது நிரம்பியிருக்கிறதா, மொத்த ஆழம் நாற்பத்தேழரை அடிதானே என்றும் கேட்டு வைத்தேன். செய்தித்தாளில் படித்துப் படித்துப் பதிந்துபோன எண் அது.

"நாப்பத்தேழரை அடி ஆழமா? அது கடல் மட்டத்துலேர்ந்து கணக்கு தம்பி. கோடையில நான் நடு ஏரியில நடந்து போயிருக்கேன், முட்டிக்குக்கூட தண்ணி வராது." அப்புறம் வைக்கோலைப் பிடுங்க எனக்கு உதவி செய்துகொண்டே, நிதானமாகச் சொன்னார்: "வலமா வர்றேங்கறீங்களே, வலம் வந்தா சாமி எந்தக் கைப் பக்கம் இருக்கணும்?"

"வலது கை."

"ஏரி உங்களுக்கு எந்தக் கைப் பக்கம் இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். சேத்தியாத்தோப்பைப் பார்த்து நிற்கிறேன். ஏரி இடது பக்கம். எத்தனை முறை வந்தும் இடது பக்கம்.

"நீங்க சுத்துனது ஏரியை இல்ல தம்பி. ஆயக்கட்டை, ஏரித் தண்ணி பாயுற வயலை." அவர் கை மதகுக்குக் கீழே, வலது பக்கத்தைக் காட்டியது. வயல், வாய்க்கால், தென்னை, ஓட்டுவீடு, இன்னும் வயல், அடிவானம் வரை. "ஏரிக்கு முதுகைக் காட்டிட்டு இதைத்தான் சுத்தியிருக்கீங்க. அதுவும் நல்லதுதான்."

வரைபடத்தில்

வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்து பார்த்தேன். கிழவர் சொன்னது அப்படியே இருந்தது. ஆரஞ்சு நிறக் கோட்டில் என் வட்டம், கோணலாக ஒரு பலாச்சுளை மாதிரி. அதன் மேற்கு விளிம்பை உரசிக்கொண்டு, வெளியே, நீலமாக ஏரி. ஒன்பது முறை பார்த்த அதே படம்தான். கரை என் பாதை, பாதை என் சுற்று, ஆகவே ஏரி என் சுற்றுக்குள் என்று மனசு எப்படியோ முடிச்சுப் போட்டிருந்தது.

அதைவிட உறுத்தியது வேறு. ஏரி என்றால் சுற்றிலும் கரை இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், கோயில் குளம் மாதிரி. நம் ஊர் ஏரிகள் அப்படியில்லை என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. சரிகிற பக்கம் ஒரு கரையைப் போட்டால் தண்ணீர் தானாகத் தேங்கும். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து மழைத்தண்ணீர் செங்கால் ஓடையிலும் கருவாட்டு ஓடையிலும் இப்படித்தான் வந்து சேர்கிறது. மேற்கே நிலமே உயர்ந்து தண்ணீரை நிறுத்திவிடும். அந்தப் பக்கத்துக்குப் பெயர் எதிர்வாய். கரை ஒன்றுதான். அந்த ஒரு கரையையும், கீழே இருக்கும் வயலுக்காகத்தான் போட்டார்கள். 44 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்று சொல்லும்போது, அதில் பெரும்பகுதி என் பலாச்சுளைக்கு உள்ளேயும் ஓரத்திலும் இருக்கிறது. நான் அதன் நடுவே இருபத்தாறு கிலோமீட்டர் ஓட்டிப் போவேன், அதன் வடக்கு ஓரமாகத் திரும்பி வருவேன். அதை 'ஏரிக்குப் போகிற வழி', 'ஏரியிலிருந்து வருகிற வழி' என்று மட்டும் பெயரிட்டு வைத்திருந்தேன்.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட சங்கடமும் உண்டு. நான் குடிப்பது இந்தத் தண்ணீர்தான். 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்த பிறகு, சேத்தியாத்தோப்புப் பக்கம் பூதங்குடியில் எடுக்கிற தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. (பழைய வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் சாலையோரமாகக் கிடந்து, அதற்குள் ஆட்கள் குடித்தனம் நடத்தியதெல்லாம் உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.) அதாவது ஏரியிலிருந்து தண்ணீர் கிழக்கே மதகு வழியாக வயலுக்குப் போகிறது, வடக்கே குழாய் வழியாக என் வீட்டுக்கு வருகிறது. குழாயின் முனையில் இருக்கிறவனுக்கு ஏரி என்பது நாளிதழில் வரும் ஒரு எண், கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, இன்றைய நிலவரம் இவ்வளவு. மதகின் முனையில் இருக்கிறவனுக்கு அது இன்றைக்கு ஷட்டர் எத்தனை திருகு ஏறியிருக்கிறது என்பது. நான் இந்த இரண்டுக்கும் நடுவே, ஜெர்சியும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, இடது பக்கம் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

குற்ற உணர்ச்சி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். அடுத்த முறை போனபோது வலது பக்கம் பார்த்து ஓட்டினேன், அவ்வளவுதான். ஒவ்வொரு மதகுக்கும் கீழே ஒரு வாய்க்கால் பிறக்கிறது, முதல் நூறு மீட்டரில் ஒருவர் எப்போதும் குளித்துக்கொண்டிருக்கிறார். கந்தகுமாரனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் கீழே வீட்டுக்கூரைகள் நம் காலுக்குச் சமமாக இருக்கின்றன, வீடுகள் இடப்பக்கத்துத் தண்ணீரைவிடத் தாழ்வாக. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி தளும்பி, வெள்ளியங்கால் ஓடையைத் திறந்துவிட்டால், அந்தக் கூரைகளுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று கரைமேல் நின்றால் கேட்காமலே புரிந்துவிடுகிறது. பெரியவரைத் தேடினேன். மதகில் யாருமில்லை.

எதிர்வாய்

சரி, அப்போது ஏரியை உண்மையிலேயே வலம் வந்துவிடுவோமே என்று போன பங்குனியில் கிளம்பினேன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கரைக்குப் போகாமல் மீன்சுருட்டிப் பக்கம் போய், சோழத்தரம் வழியாக நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, சேத்தியாத்தோப்பில் கரையைப் பிடித்துத் தெற்கே இறங்கினால், முழுச் சுற்றிலும் ஏரி வலது கைப் பக்கம். மொத்தம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மாமனார் கேட்டுவிட்டு, "இப்பத்தான் சரி" என்றார், எதுவும் விளங்காமலே.

நெடுஞ்சாலையில் ஏரி தெரியவில்லை. லாரிதான் தெரிந்தது. வலது கைப் பக்கம் ஏரி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான், கருவறைக் கதவு சாத்தியிருக்கும்போது பிரகாரம் சுற்றுகிற மாதிரி. பொறுக்க முடியாமல் சோழத்தரத்தைத் தாண்டி ஒரு மண்பாதையில் கிழக்கே இறங்கினேன். பாதை குறுகிக் குறுகி ஒற்றையடியானது. முள்ளுக்குப் பயந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டேன். காய்ந்த புல், வெடித்த சேறு, வெளுத்த நத்தை ஓடு, நாலைந்து எருமை. தண்ணீர் எங்கோ தூரத்தில் மினுங்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, சைக்கிளைச் சுமந்துகொண்டு வரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆயா, ஏரி எங்க ஆரம்பிக்குது?"

"நீ நிக்கிறியே, இதான் ஏரி."

"தண்ணியக் காணோமே?"

"மழைக்கு வந்து பாரு, உன் சைக்கிளு முழுகிடும்." ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பினார். "எவ்வளவு நேரமா ஏரிக்குள்ளதான் நடந்து வர்ற. அந்த வேப்பமரம் இருக்குல்ல, அங்கேர்ந்து."

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். வேப்பமரம் கால் கிலோமீட்டர் பின்னால் இருந்தது. அங்கே ஒரு மேடு கிடையாது, கல் கிடையாது, கோடு கிடையாது. கிழக்கே, தண்ணீருக்கு அப்பால், பென்சிலால் இழுத்த மாதிரி கரை. அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெற்கே ஊர்ந்தது. பேருந்தாக இருக்கலாம். அந்தக் கோட்டுக்குப் பின்னால் தாழ்வாக வயலும் வாய்க்காலும் கூரைகளும் இருப்பது இங்கிருந்து தெரிய வழியே இல்லை. சைக்கிளைக் கீழே வைத்து, ஷூவுக்கு அடியில் அப்பியிருந்த சேற்றை நத்தை ஓட்டால் சுரண்ட ஆரம்பித்தேன். இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருந்தது. காற்று தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது.